மதகு வரை வந்த கணக்கு

உத்திரமேரூர் வட்டம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய முனிரத்தினம் மாமாவுக்கு,

தங்கை மகள் சுகிர்தா வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஓரிக்கையில் நீங்கள், அத்தை, கூடத்துச் சுவரில் தொங்கும் சான்றிதழ் ஆகிய மூவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அதன் கண்ணாடியை அத்தை வாரம் ஒருமுறை துடைப்பது தொடரட்டும். 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறப்பாகப் பணியாற்றியமைக்காக' என்ற வரி மங்கிவிடக் கூடாது. இந்தக் கடிதமே அந்த வரியைப் பற்றியதுதான்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் பாடம் வந்தது. பழைய வாத்தியார் என்ற உரிமையில் நீங்கள் சொல்லி வாங்கித் தந்த இந்தத் தற்காலிக வேலையில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம். புத்தகத்து உதாரணத்தில் யாரோ ஒருவர் பத்து ஆட்டங்களில் ஓட்டம் எடுக்கிறார். அடுத்ததில் ஒரு கடையில் செருப்பு விற்கிறது. யாருடைய ஓட்டம், எந்தக் கடை, தெரியாது. பல்கலைக்கழகம் போய் வந்தவர்களுக்கு வரும் ஆசை எனக்கும் வந்தது. பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரின் எண்களையே கொடுத்தால் என்ன? இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டுக் கணக்கில் பள்ளி இருக்கும் இந்த ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. அச்செடுத்தேன். முப்பத்துநான்கு பிரதிகள்.

முதலில் எண்ணுவது எப்படி என்று காட்டினேன். இந்த அறையில் எத்தனை பேர்? விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினேன். முப்பத்துநான்கு. கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு தாள். வீடுகள் 268. மக்கள் 1,126. வகுத்தால் வீட்டுக்கு 4.2 பேர். அந்தப் புள்ளி இரண்டு யார் என்று முதல் பெஞ்சில் சந்தேகம். சராசரி என்பது யாருமே வாழாத ஒரு வீடு என்று நான் தொடங்கினேன். தத்துவம் மாதிரி இருந்தது, யாருக்கும் புரியவில்லை. பின்னாலிருந்து ஜெனிஃபர் முடித்துவைத்தாள். "எங்க நைனாதான் மிஸ். ஒரகடத்துல கம்பெனி வேல. பத்து நாளைக்கு ரெண்டு நாள்தான் வூட்ல கீறாரு."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த வரியில் நின்றுவிட்டோம். பழங்குடியினர்: 0.

மூன்றாவது பெஞ்சில் சௌமியா. இருளர் வீட்டுப் பெண். ஏரிக்கரையில் மதகைத் தாண்டினால் பதினோரு வீடுகள் இருக்கின்றன, அங்கிருந்து வருகிறாள். அந்த இடத்துக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'அந்தாண்ட', அந்தப் பக்கம். வேறு பெயர் கிடையாது. அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்ப நாங்க இன்னா மிஸ்?"

பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது இந்தியா என்று சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது மாமா. ஆனாலும் சொல்லி முடித்தேன். ஒருவேளை நீங்கள் அதற்குப் பிறகு குடிவந்தவர்களாக இருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் அம்மாவே அங்கே பிறந்தவராம்.

சரி, நாமே எண்ணிப் பார்த்துவிடலாம் என்று தெருவுக்கு இரண்டு பேராகப் பிரித்து அனுப்பினேன். 'அந்தாண்ட' சௌமியாவுக்கு. போன வாரம் திங்கட்கிழமை வந்தது கணக்கு: ஊர் மொத்தம் 1,345, அதில் அந்தாண்ட நாற்பத்தொன்று. பிள்ளைகள் வட்ட விளக்கப்படம் போட்டார்கள், கோணமானியை வைத்துப் பார்த்தால் அந்தாண்டவுக்குப் பதினோரு டிகிரி வந்தது, சௌமியா அதற்குக் கருஞ்சிவப்பு அடித்தாள், மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று தலைமையாசிரியை தேவயானி மேடத்திடம் கொண்டுபோனேன், அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு இவ்வளவு சின்னத் துண்டுக்குத் தனியாக ஒரு கலர் எதற்கு, 'பிற' என்று போட்டு மூடிவிடு என்றார், 'பிற'வில் வேறு யாரும் இல்லையே மேடம் என்றேன், அப்படியானால் அரசாங்கக் கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரி அந்த நாற்பத்தொன்றை எடுத்துவிடு என்றார், அவர்களை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த தாலுகா இது, நம் ஊர்க் கணக்கு தப்பாகாது என்று ஆண்டுவிழாவில் பேசும் அதே வாக்கியத்தைப் பேசினார். அந்தக் கல்வெட்டை நானும் படித்திருக்கிறேன். யார் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல்தான் அதில் நீளம்.

இதெல்லாம் ஒரு படத்தோடு போயிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். இப்போது புதிய கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் எடுக்கிறார்கள். பழைய பட்டியலை வைத்துத்தான் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தாண்ட எந்தப் பகுதியிலும் இல்லை. முப்பதாம் தேதியோடு பட்டியல் மூடப்படும். தெருக்குழாய் மதகோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் இழுக்க அங்கே ஆள் இருப்பதாகப் பதிவு இல்லையாம். சௌமியா தினமும் காலையில் அரைக் கிலோமீட்டர் குடம் தூக்கிவிட்டு வருகிறாள். வருவதற்குள் வருகைப்பதிவு முடிந்துவிடுகிறது. அங்கே பூஜ்யம், இங்கே ஆப்சென்ட். இரண்டாவதைப் போடுவது நான்.

ஏன் ஆப்சென்ட் என்று கேட்கத்தான் அவள் அம்மா பொன்னியம்மாள் பள்ளிக்கு வந்தார். கேட்டுக்கு உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. போன முறை யாராவது எண்ண வந்தார்களா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"வந்தாரும்மா ஒரு வாத்தியாரு. பச்ச மொபெட்டு. காதுல பேனா சொருவிக்கினு இருந்தாரு. மதகாண்டயே நின்னுகினு, எத்தினி பேரு கீறீங்கன்னு கூவுனாரு. நாங்க கொயந்தைங்கள கூட்டிக்கினு வர்றதுக்குள்ள பூட்டாரு."

பச்சை மொபெட். காதில் பேனா. அத்தையின் கல்யாண ஆல்பத்தில்கூட நீங்கள் மாலையோடும் அந்தப் பேனாவோடும்தான் நிற்கிறீர்கள்.

காரணங்களை நானே யோசித்துப் பார்த்தேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று. அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது. மதகுக்கு அப்புறம் வழியில் தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் சேறு. சேற்றுக்குப் பின்னால் நாய். உங்கள் காலில் புதுச் செருப்பு. எல்லாம் நியாயம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தால் இருபது அடி. அந்த இருபது அடியில் ஒரு குடியிருப்பு மொத்தமும் தொலைந்துபோனது. தொலைத்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'ஒரு குஞ்சுகூட விடலை' என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் சொல்வதை எட்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கணக்குப் பாடம் எடுத்ததே அதனால்தான்.

கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்து, அந்த நாற்பத்தொன்றை எழுதிக் கொடுத்தேன். நல்ல மனிதர். டீ வாங்கித் தந்தார். பழைய பதிவில் இல்லாத இடத்தைத் தன்னால் சேர்க்க முடியாது என்றார். ஆனால் அப்போது கணக்கெடுத்தவரே விடுபட்டது என்று எழுதித் தந்தால் மேலே அனுப்பலாமாம். "உங்க மாமாதானே மேடம், எழுதுவாரா?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்தேன்.

எழுதுவீர்களா மாமா? ஒரு வரி போதும். நானே எழுதித் தருகிறேன்:

'2011 கணக்கெடுப்பில் மதகுக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு நான் போகவில்லை.'

கீழே கையெழுத்து. பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது, விசாரித்துவிட்டேன். சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அந்த ஆணியில் ஒரு காலண்டர் மாட்டலாம். அம்மாவுக்கு நான் இதை எழுதுவதில் விருப்பமில்லை. அண்ணன் வாங்கித் தந்த வேலையில் உட்கார்ந்துகொண்டு அண்ணனையே கேள்வி கேட்பதா என்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. தோசை மட்டும் வைத்தார். ஒன்று குறைவாக.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவருடைய ஆசியும் எனக்கு எப்போதும் உண்டு என்று தெரியும். இந்த முறை ஆசியை எழுத்தில், முப்பதாம் தேதிக்குள் அனுப்பிவைக்கவும்.

பட்டியலில் பத்திரமாக இருக்கும் உங்கள் மருமகள்,
சுகிர்தா

பின்குறிப்பு, புதன்கிழமை: கடிதத்தை ஒட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று வகுப்புக்குப் போனேன். மறுபடி பிரித்திருக்கிறேன். கரும்பலகையில் நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு, அந்தாண்ட யார் யாரெல்லாம் என்று ஜெனிஃபர் பெயர் சொல்லச் சொன்னாள். சௌமியா நாற்பத்தொரு பெயர்களும் சொன்னாள். அவள் பெயர் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எண்றவங்கள சேக்கக் கூடாதுல்ல மிஸ். அன்னிக்கு நீங்க உங்கள சேக்கலையே."

முப்பத்துநான்கு பேரும் அப்படியே செய்திருக்கிறார்கள். யாருமே தன்னை எண்ணவில்லை. அன்று அந்த அறையில் இருந்தது முப்பத்தைந்து பேர். 1,345 தப்பு. பதினோரு டிகிரி தப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் நான் எழுதிக் கொடுத்த நாற்பத்தொன்றும் தப்பு.

சௌமியா அதோடு விடவில்லை. "நீங்க ஒருவாட்டி எங்க வூட்டாண்ட வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும் மிஸ்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கூட்டல் பிழையைக் காட்டுகிற குரலில் சொன்னாள்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நான் போனதில்லை மாமா. மதகு வரை ஒருமுறை போனேன். அப்புறம் வழியில் தண்ணீர். புதுச் செருப்பு.

ஆகவே மேலே சேறு, நாய், இருபது அடி என்று எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிடவும். நீங்கள் அனுப்ப வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் அடிக்க வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விடுங்கள். நாளைக் காலை, வருகைப்பதிவுக்கு முன்னால், அங்கே போகிறேன். மதகுக்கு அப்புறம் வழி எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களிடம் கேட்டு எழுதலாமா என ஒரு நொடி நினைத்தேன்.

சௌமியாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.