நீளக்காதுக்காரர் செய்த குற்றம்

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: எங்கள் சேன் நசேர் துறையில் கட்டிய ‘லா சூவரேன்’ கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம். மாதா கோயில்கள் எல்லாம் அதற்கு முன்னால் மாட்டுக்கொட்டகை. கோயிலுக்குள் போனால் ஆண்டவனையாவது நினைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடத்தில் எதையும் நினைக்க வேண்டாம். முக்கியமாகக் கடலை நினைக்கவே வேண்டாம். சன்னலே கிடையாது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து, அப்படி ஒரு சமுத்திரம் இருப்பதே தெரியாமல் முலாம்பழம் சாப்பிடலாம். அத்தனை ஆயிரம் டன் இரும்பை இதற்காகத்தான் மிதக்கவிட்டார்கள்.

நான் கப்பல் கட்டுகிறவள் அல்ல. துறை வாசலுக்கு எதிரே சலவைக்கடை வைத்திருக்கிறேன். கப்பலின் மேசைவிரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. கையில் வெள்ளை விரிப்போடு போகிற பெண்ணுக்கு எந்தக் கதவும் திறக்கும். அதை மெதுவாக விரிப்பேன். விரித்து முடிப்பதற்குள் பேசுகிறவர்கள் பேசி முடித்திருப்பார்கள். இந்தப் பெரினுக்குக் காது நீளம் என்று தெருவில் சொல்வார்கள். பொறாமை, வேறென்ன.

கூடத்தைப் படைத்த மேதை, பாரிசிலிருந்து வந்திறங்கிய முசியே ஃபொவெல். அவர் அதைக் கூடம் என்று சொல்ல மாட்டார். ‘இறக்கம்’ என்பார். மேல்தளத்திலிருந்து ஒரு மாபெரும் படிக்கட்டு. சீமாட்டிகள் கவுனின் வால் பின்னால் மூன்று படிக்குப் புரள, அதில் இறங்கி வர வேண்டும். கீழே சூப் குடிக்கிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டு வாய் பார்க்க வேண்டும். கவுன் தடுக்காமலிருக்கப் படிகளை அகலமாகவும் தாழ்வாகவும் வைத்தார். இதில் ஏறுவது சிரமமாயிற்றே என்று யாரோ கேட்டார்கள்.

“முதல் வகுப்புல யாரும் ஏறறதில்ல முசியே. அவங்க ஏற்கெனவே மேலதான் இருக்காங்க” என்றார் மேதை.

படிக்கட்டின் பின்சுவர் முழுக்க, மூன்று மாடி உயரத்துக்கு, கறுப்பு அரக்கு மெருகில் பொன் சித்திரம். பெயர் ‘அரச வேட்டை’. குதிரைகள், நாய்கள், கொம்பு ஊதுகிறவர்கள், அவர்கள் துரத்துகிற சின்னப் பிராணிகள். வரைந்தது ஃபொவெல். அதாவது, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்தார். சுவரில் அரக்கைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, பொன் ஒட்டியது என் பக்கத்து வீட்டு ஜோபிக்கும் அவர் கூட்டாளிகளும். சாரத்தின் உச்சிப் பலகையில் ஜோபிக். பலகையின் ஓரத்தில் ஒரு தடுப்புக் கம்பி. அவ்வளவுதான் அவருக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது.

பாரிசிலிருந்து பேஷன் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒட்டடைக் குச்சி போல ஆறு பெண்களைக் கவுன் மாட்டிப் படிக்கட்டில் நிறுத்தினார்கள். காமிராக்காரர் மேலே பார்த்து முகம் சுளித்தார். கம்பியின் நிழல் பொன்னின் மேல் விழுகிறதாம். ஃபொவெல் பதறிப்போனார்.

“அதக் கழட்டுங்க!”

“முசியே, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நாங்க நிக்கிறோம்” என்றார் ஜோபிக் மேலேயிருந்து.

“நீங்க கலையைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க!”

கம்பி கழற்றப்பட்டது. ‘அழகியல் காரணங்களை முன்னிட்டு.’ போட்டோ அருமையாக வந்தது. பத்திரிகைக்காரர்கள் போனார்கள், ஒட்டடைக் குச்சிகள் போயின. கம்பி மட்டும் திரும்பி வரவில்லை.

ஜோபிக்கின் மனைவி அர்மெல் என் கடைக்கு வந்து இஸ்திரி மேசையில் முழங்கையை ஊன்றினாள்.

“பெரின், நீ அந்தப் பெரிய மனுசங்க குழுவுக்கு விரிப்பு கொண்டுபோறேல்ல? கம்பியத் திருப்பி மாட்டச் சொல்லேன். இவரு தூக்கத்துல கையத் துழாவுறாரு, எதையோ புடிக்கிறாப்ல.”

“உன்னத்தான் துழாவுறாரோ என்னவோ.”

“ஆமா, இத்தன வருசமாத் துழாவாதவரு இப்பத் துழாவுவாராக்கும். வெளையாடாதே பெரின். போய்க் கேளு.”

கேட்கிறேன் என்றேன். கப்பலின் அலங்காரத்தைக் கவனிக்கும் கலை ஒத்திசைவு உயர்மட்டக் குழு கூடிய அன்று, விரிப்போடு விஷயத்தையும் விரித்தேன். தலைவர் முசியே ப்ரோஷார் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வரம் பெற்றவர். அன்று விழித்துக்கொண்டார்.

“தடுப்புக் கம்பிங்கறது கலையா, பாதுகாப்பா மதாம்?”

“பாதுகாப்புங்க.”

“அப்ப இந்தக் குழுவுல வராது. பாதுகாப்புக் குழு எப்ப கூடுது?”

“அவங்க கூடற அறைக்கு இப்பத்தான் பட்டுத்துணி ஒட்டிக்கிட்டிருக்கோம்” என்றார் ஃபொவெல். “நிறம் இன்னும் முடிவாகல.”

அந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. கப்பலை ஓட்டப்போகிற கேப்டன் கெர்மாரெக் பேஷன் பத்திரிகையோடு நுழைந்தார். நான் கஞ்சி போட்ட விரிப்பின் மேல் அதை ஓங்கி அறைந்தார்.

“இது என்ன?”

“இளநீலச் சாட்டின் கவுன்” என்றார் ஃபொவெல்.

“பொண்ணுங்களச் சொல்லல. பின்னால. புல்லுக்குள்ள. அந்த… நீளக்காது.”

“கழுதையா? நான் கழுதையே வரையலையே.”

“கழுதை இல்லய்யா! நீளக்காது! எங்க பாத்தாலும் நொழையும், கண்டதையும் கொறிக்கும்!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரிப்பின் சுருக்கத்தை நீவினேன்.

“குட்டை வாலு!” என்று கேப்டன் வியர்த்தார். “வளைக்குள்ள குடியிருக்கும்!”

ஃபொவெலின் முகம் மலர்ந்தது. “ஓ! முயல்!”

கேப்டன் பாய்ந்துபோய்ச் சன்னலின் இரும்புக் கொக்கியைப் பிடித்துக்கொண்டார்; இரும்பைத் தொட்டால் தோஷம் அண்டாதாம். அறையிலிருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் சிலுவை போட்டோம். எங்கள் கரையில் அந்தப் பிராணி கடுகுச் சாற்றில் வேகும்போது அதற்குப் பேர் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கப்பலிலோ, கப்பல் கட்டும் இடத்திலோ அதன் பேரை நாக்கில் எடுக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ கப்பலின் கயிற்றையும் பலகையையும் கொறித்துக் கப்பலையே மூழ்கடித்ததாம். அன்றிலிருந்து மாலுமிகளுக்கு அது எமன்.

“அது இருக்கற கப்பல்ல என் ஆளுங்க ஒருத்தன் காலெடுத்து வைக்க மாட்டான்” என்றார் கேப்டன். “நானும்தான்.”

ஃபொவெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வானொலி வந்தாச்சு, விமானம் வந்தாச்சு, இன்னும் இந்த மூடநம்பிக்கையா? அப்படிப் பயம்னா, வேலை செஞ்ச ஆளுங்க ஏன் வாயே தொறக்கல?”

ஜோபிக்கை வரவழைத்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

“ஏன்யா சொல்லல?” என்றார் ஃபொவெல்.

“எப்படிங்க சொல்றது? சொல்லணும்னா அது பேரைச் சொல்லணுமே.”

“பின்னே எப்படிய்யா பொன் ஒட்டினே?”

“ஒட்டறதுக்குப் பேரு வேணாங்களே. வேற பக்கம் பாத்துக்கிட்டே ஒட்டினேன்.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “முசியே, வந்தது வந்துட்டேன். அந்தக் கம்பி…”

“ஒரு நேரத்துல ஒரு பிராணி!” என்றார் தலைவர் ப்ரோஷார்.

பிறகு நடந்த விவாதத்தை நம் நாடாளுமன்றம் பார்த்துப் பழக வேண்டும். காதுகளைச் சுரண்டிக் குட்டையாக்குவது என்று முடிவாயிற்று. காது குட்டையானால் அது என்ன பிராணி? பூனை. பூனை கப்பலுக்கு ராசி என்று கேப்டனே ஒப்புக்கொண்டார். நாற்பது நாய்களும், குதிரைகளும், கொம்பு ஊதுகிறவர்களும் ஒரு பூனைக் கூட்டத்தைத் துரத்துவார்களா என்று ஒருவர் கேட்டார். ஃபொவெல் கண்ணை மூடினார். மேதைகள் யோசிப்பது அப்படித்தான். கண்ணைத் திறந்தபோது சித்திரத்தின் பெயர் ‘அரண்மனைப் பூனைகளின் ஊர்வலம்’ ஆகியிருந்தது. நாய்கள் துரத்தவில்லையாம், பரிவாரமாம். ஒருமனதாக நிறைவேறியது.

கம்பி? திறப்பு விழாவுக்கு அமைச்சர் தம் மனைவியோடு வருகிறார். அந்த அம்மாள்தான் முதல் ‘இறக்கம்’ இறங்கி வைக்கப்போகிறார். அதற்குள் காதுகள் போயாக வேண்டும். கம்பிக்கெல்லாம் ஏது நேரம்?

ஜோபிக் மேலே போனார். கீழ்ப்புல்லில் இருந்த காதுகள் போயின. நடுவில் இருந்தவை போயின. உச்சியில், குன்றின் மேல், கடைசிப் பிராணி. அதற்கு ஒரு காதைச் சுரண்டி முடித்தார். மறு காதுக்காகச் சாய்ந்தார். சாய்ந்த கை பழக்கத்தில் கம்பியைத் தேடியது. கம்பி கிடங்கில் இருந்தது. கீறல் விழாமலிருக்கக் கம்பளி சுற்றி, மிகப் பத்திரமாக.

அந்தப் படிக்கட்டில் முதன்முதலாக இறங்கியவர் அமைச்சரின் மனைவி என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தவறு. முதலில் இறங்கியவர் ஜோபிக். அகலமான படிகள், தாழ்வான படிகள். ஒன்றையும் விட்டுவைக்காமல் இறங்கினார்.

உயிர் இருந்தது. இடுப்பும் ஒரு காலும் போயின. இனி ஏணியில் ஏற மாட்டார், சாகிறவரை கட்டிலிலிருந்து நாற்காலிக்குத்தான் பயணம் என்று டாக்டர் சொன்னார். சேதி வந்தபோது அர்மெல் என் கடையில்தான் இருந்தாள். அழவில்லை. “கம்பி” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள்.

விசாரணையும் கலை ஒத்திசைவுக் குழுவிடமே வந்தது; பாதுகாப்புக் குழுவின் அறையில் ஒட்டிய பட்டு இன்னும் காயவில்லை. நான் புது விரிப்போடு போயிருந்தேன். ஃபொவெல் கறுப்பு டை கட்டியிருந்தார். அவர் அப்படிப் பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நாமெல்லாம் பாரிஸ்காரங்க. ஆணவம் புடிச்சவங்க. கடலோர மக்களோட பரம்பரை ஞானத்த நாம மதிக்கக் கத்துக்கணும்.”

தலைவர் எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார்: “விபத்து நிகழ்ந்த தருணத்தில் மேற்படி சித்திரத்தில் ஒரு காது எஞ்சியிருந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. அக்காது விளைவிக்கும் தீங்கு இப்பகுதியில் தொன்றுதொட்டு அறியப்பட்டதே. ஆகவே இவ்விபத்துக்கு அப்பிராணியே முழுப்பொறுப்பு. கப்பல் நிறுவனத்துக்கு இதில் யாதொரு தொடர்பும் இல்லை.”

“யோவ், நான் கடல்ல போறதுக்குத்தான் அதச் சொன்னேன்!” என்றார் கேப்டன்.

“உங்க சாட்சியத்த வச்சுத்தான் முடிவே எடுத்தோம் கேப்டன். ரொம்ப நன்றி” என்றார் ஃபொவெல்.

கேப்டன் பைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த அந்த ஒற்றைக் காதை அன்று மாலையே சுரண்டினார்கள். சாரத்துக்கு அப்போதும் கம்பி கிடையாது. குற்றவாளியைத்தான் பிடித்தாகிவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு அர்மெல் வீட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்ததும் கடுகுச் சாற்று வாசனை கட்டில்வரை போயிற்று.

“யாரு காரணம்னாங்க?” என்று ஜோபிக் கேட்டார்.

“நீளக்காதுக்காரரு.”

சிரித்தார். இடுப்பு வலித்ததால் பாதியில் நிறுத்தினார். “பெரின், நாம கரையிலதான இருக்கோம்?”

“கரைதான்.”

“அப்ப இங்கயாச்சும் பேரைச் சொல்லலாம்ல?”

சொல்லிவிடுகிறேன். அது முயல். சட்டியில் வெந்ததை முந்தின நாள் கசாப்புக் கடையிலிருந்து வாங்கி வந்து, என் கையாலேயே தோலுரித்து, விசாரணைக் குழுவைவிடக் கவனமாகப் பரிசோதித்தேன். காது நீளம்தான், மறுக்கவில்லை. வால் குட்டைதான். பல்லும் கூர்மைதான். ஆனால் அந்தக் கம்பியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். கழற்றத் திருப்புளி வேண்டும், திருப்புளியைப் பிடிக்கக் கை வேண்டும், கழற்று என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். நானும் தலையிலிருந்து வால்வரை திருப்பித் திருப்பித் தேடிவிட்டேன்.

முயலுக்குக் கை இல்லை.