பாராளுமன்றத்தில் உமது அக்காவின் வலக்கண்

ஸ்காபரோ,
வைகாசி 14, வியாழன்.

அன்புக்குரிய மைத்துனர் ஜெயரட்ணத்துக்கு, அத்தான் நாகமுத்து வாயால் சொல்ல, பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் கையால் எழுதும் கடிதம்.

நீரும் வீட்டிலுள்ளோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் உமது அக்கா யோகமலரும் உடம்பால் சுகம். மனதால் நான் சுகமில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் திடுக்கிட்ட நெஞ்சு இன்னும் இறங்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீர் இடையில் சிரிப்பீர் என்பதால் கடிதம்.

எனக்கு எழுத்து வராது, ஆனால் கேட்டது மறக்காது என்பது உமக்குத் தெரியும். போன மார்கழி 27, சனிக்கிழமை, நீர் சொன்னதும் மறக்கவில்லை. "அத்தான், அக்காவை இஞ்ச ஊருக்கு அனுப்புங்கோ, ஒரு கிழமைக்குள்ள கண்ணைச் செய்விச்சு அனுப்புறன்" என்றீர். "கனடாவில உதெல்லாம் அரசாங்கத்தின்ர பொறுப்பு, நீர் உம்மட அலுவலைப் பாரும்" என்று நான் வெட்டிப் பேசினேன். அந்தப் பேச்சைத்தான் இன்று திரும்ப விழுங்குகிறேன்.

யோகமலரின் வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது, இடக்கண்ணும் அரைவாசிதான். ஒப்பரேசன் செய்யவேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று கண் டொக்ரர் சொன்னது போன வருஷம் பங்குனி 14, வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து பதினாலு மாதம். இதற்கிடையில் அவள் கோயிலுக்கென்று ஏறிய பஸ், ரூஜிலுள்ள மிருகக்காட்சிச்சாலை வாசலில் இறக்கிவிட்டது. இன்னொரு நாள் தமிழ்க்கடையில் யாரோ ஒரு மனுஷனை நான் என்று நினைத்து, மரக்கறிப் பையைக் கொடுத்து, "இஞ்சேருங்கோ, இதைப் பிடியுங்கோ" என்றிருக்கிறாள். அந்த மனுஷனும் பிடித்துக்கொண்டு கார்வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்திருக்கிறார். இதற்கெல்லாம் நாங்கள் சிரித்தோம். தை மாதம், பனியில், சிவப்பு விளக்குத் தெரியாமல் அவள் ரோட்டில் இறங்கினாள். ஒரு லொறி சாண் இடைவெளியில் நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

நான் சும்மா இருந்ததாக நினைக்கவேண்டாம். போனுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வரவில்லை, கள்ளர்தான் எடுத்தார்கள். இந்த நாட்டில் கள்ளர் கூரை பிரித்து வருவதில்லை, நம்பர் காட்டாமல் போனில் வருவார்கள். மார்க்கம் நகரில் இருக்கிற எங்கள் மகன் கஜீவன் முதலே சொல்லி வைத்தான்: "அப்பா, நம்பர் விழாட்டிக் கதைக்காதேங்கோ. பேர், பிறந்த திகதி கேட்டா உடன வையுங்கோ, வங்கியில இருக்கிற காசு போயிடும்." அவர்களில் ஒருத்தி விடாக்கண்டி. திரும்பத் திரும்ப எடுத்து, தேன் மாதிரிக் கதைத்து, யோகமலரின் பிறந்த திகதியைக் கேட்பாள். என்னுடைய இங்கிலீஷுக்கு "டேற் ஒஃப் பேர்த்" விளங்கினால் போதும். தமிழில் நாலு கொடுத்து, போனை வைத்துவிடுவேன். என்ன கொடுத்தேன் என்பதைப் பேர்ணடெற் எழுதமாட்டாளாம், அவள் ஞாயிறு பூசைக்குப் போகிறவள்.

கடைசியில் எங்கள் தொகுதி உறுப்பினர் அம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற சிவானி என்ற பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு எழுதி, "அங்கிள், this is shocking! மேடம் இதை குயின்ஸ் பார்க்கில raise பண்ணுவா, நீங்களும் அன்ரியும் கட்டாயம் வரவேணும்" என்றாள். குயின்ஸ் பார்க் என்றால் மாகாணப் பாராளுமன்றம். யோசித்துப் பாரும், உமது அக்காவின் கண்ணுக்காக ஒரு பாராளுமன்றம் கூடுகிறது!

வெறுங்கையோடு போகலாமா? எங்கள் கோயில் மேடையில் ஏறுகிற அரசியல்வாதிகளுக்குப் பொன்னாடை போர்த்துகிற பொறுப்பு பத்து வருஷமாக என்னுடையது. பேசத் தெரியாதவன் என்பதால் தந்த பொறுப்பு. ஆகவே சரிகை வைத்த பச்சைப் பொன்னாடை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற காவற்காரன் அதை விரித்தான், உதறினான், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான், "உள்ளே கொண்டுபோக முடியாது" என்று வாங்கி வைத்துவிட்டான். கூட்டத்தில் எறிகிற சாமானாம். பொன்னாடையை எறிவதைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

மேலே பார்வையாளர் இருக்கையில் எங்களை இருத்தினார்கள். சிவானி நடுவில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தாள். எங்கள் உறுப்பினர் அம்மா எழும்பி, ஸ்காபரோவிலிருந்து திருமதி யோகமலரும் கணவரும் வந்திருக்கிறார்கள் என்று அறிவித்தா. உடனே முழுச் சபையும் கை தட்டியது. எதிரே இருந்த சுகாதார அமைச்சரும் தட்டினார். நான் எழும்பி எல்லாப் பக்கமும் கும்பிட்டு, அலுவல் முடிந்தது, வாற கிழமை ஒப்பரேசன் என்று யோகமலரிடம் சொன்னேன். "வழமையா எல்லாருக்கும் தட்டுறது, அங்கிள். இன்னும் ஒண்டும் தொடங்கேல்ல" என்றாள் சிவானி.

பிறகு தொடங்கியது, தம்பி. சந்தையில் மீன் ஏலம் கேட்டிருக்கிறீர்தானே, அதில் பாதி ஒழுங்குகூட அங்கே இல்லை. அம்மா கேட்டா: "எழுபத்தாறு வயது மூதாட்டி பதினாலு மாதமாகக் காத்திருக்கிறா. ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய காசு எங்கே?" நல்ல கேள்வி. அமைச்சர் எழும்பி, வடக்கே எங்கேயோ தாதிமார் படிக்கக் கட்டுகிற கட்டடத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணைக் கேட்டால் கட்டடத்தைச் சொல்கிறான், அதற்குக் கை தட்டுகிறான்கள்! அம்மா திரும்பவும் கேட்டா. இந்த முறை அவர், முந்தி ஆட்சியில் இருந்தபோது நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்றார். சபாநாயகர் கத்தினார். ஒருவர் போன் பார்த்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் அமைச்சரின் முகத்தை வடிவாகப் பார்த்தேன். போன ஆடி 20, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேர்த் திருவிழாவுக்கு வந்து, என் கையால் நீலப் பொன்னாடை வாங்கிக்கொண்டு, "வணக்கம், ஸ்காபரோவில் வைத்தியத்துக்கு இனி ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை" என்று சொன்ன அதே மனுஷன்!

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கடைசியாக அவர் சொன்னதைச் சிவானி மொழிபெயர்க்கத் தயங்கினாள். "சொல்லு பிள்ளை" என்றேன். "ஆஸ்பத்திரிகள் எல்லாருக்கும் கோல் பண்ணுதாம், அங்கிள். சில பேஷன்ற்தான் போன் எடுக்கிறேல்லையாம்."

எழும்பினது தெரியும். கத்தினதும் தெரியும். "பொய்! முழுப் பொய்! பதினாலு மாசமா போனுக்குக் காவல் இருக்கிறன், உன்ர ஆஸ்பத்திரி ஒருக்கா எடுத்ததா? கோயில் மேடையில பொய், இஞ்சயும் பொய்!"

அப்போதுதான் அந்தச் சபை முதல் தடவையாக அமைதியானது. "அங்கிள், ப்ளீஸ், இருங்கோ! நாங்கள் இஞ்ச கை தட்டவே கூடாது!" என்று சிவானி சட்டையைப் பிடித்து இழுத்தாள். யோகமலர், என்ன நடக்கிறதென்று தெரியாமல், நான் நின்ற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் திரும்பி, "ஆர் அந்தக் கத்துற மனுஷன்? எங்கட ஆள் எங்க?" என்று கேட்டாள். இரண்டு காவற்காரர் மெதுவாக என் கமக்கட்டில் கை கொடுத்து வெளியே கொண்டுவந்து, கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்து, பொன்னாடையை மடித்துக் கையில் வைத்தார்கள்.

ஆகவே தம்பி, நீர் சொன்னதுதான் சரி. உண்மை பேசினவன் வெளியே, பொய் பேசினவன் உள்ளே, இதுதான் இந்த நாடு. அக்காவுக்குப் பிளேன் ரிக்கெற் போடும். நான் கொண்டுவந்து விடுகிறேன். இந்த விஷயத்தில் என்மேல் ஒரு பிழையும் இல்லை என்று ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்லும்.

உமது பிள்ளைகள் கல்வியும் கண்ணொளியும் குறையாமல் நீடூழி வாழ்க. மச்சாளுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அத்தான் நாகமுத்து
(கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே வைத்த கைநாட்டின் மை காய முன்னம் போன் அடித்தது. நம்பர் விழவில்லை. நான் வழமைபோல நாலு கொடுக்கக் கையை நீட்ட, பேர்ணடெற் பேனையை வைத்துவிட்டு எட்டி எடுத்துவிட்டாள். அந்த விடாக்கண்டிதான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறாளாம். ஆளை உறுதிப்படுத்தத்தான் பிறந்த திகதி கேட்பார்களாம். இது பன்னிரண்டாம் தடவையாம், இன்றைக்கும் பதில் கிடைக்காவிட்டால் யோகமலரின் பெயரை வெட்டிவிடச் சொல்லியிருந்தார்களாம். முன்பு கூப்பிட்ட பதினொரு நாளையும் நேரத்தோடு வாசித்தாள். ஆவணி 7, ஒன்பதே கால். ஆவணி 19, இரண்டரை. நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. எந்த நாள் என்ன சொல்லித் திட்டினேன் என்பதும் ஞாபகம் வந்தது. ஆக, ஆஸ்பத்திரி கூப்பிட எடுத்தது ஐந்து மாதம். மிச்சம் ஒன்பது மாதமும் உமது அக்காவைக் காக்கவைத்தது நான். லொறி நின்ற அந்தத் தை மாதமும் அதற்குள்தான் வருகிறது.

"அண்ணை, இதையும் எழுதாட்டி மேல எழுதினதெல்லாத்தையும் கிழிப்பன்" என்று பேர்ணடெற் சொன்னபடியால் இது எழுதப்படுகிறது. ஒப்பரேசன் வாற புதன்கிழமை. ரிக்கெற் போடவேண்டாம். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம். சிவானிக்கு நானே சொல்லவேண்டும், என்ன முகத்தோடு என்று தெரியவில்லை. பச்சைப் பொன்னாடை பையில் அப்படியே இருக்கிறது. புதன்கிழமை அதை அந்தப் போன்காரப் பிள்ளைக்குப் போர்த்துவதாக இருக்கிறேன். நான் திட்டிய தமிழ் அவளுக்கு விளங்கியிருக்காது என்றுதான் நினைத்தேன். வைக்கும்போது பேர்ணடெற்றிடம் அவள் தன் பெயர் நிரூபா என்று சொன்னாளாம், நல்ல தமிழில்.

யோகமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு கையால் தடவித் தடவி வந்து, என் மடியிலிருந்த போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.