ஜன்னல் சுமார், ஸ்டாம்ப் பிரமாதம்

மதிப்பிற்குரிய சேகரிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

உங்களிடம் தபாலிலேயே குட்டு வாங்கித் தலை வீங்கிப்போன ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் மனைவி நலம், என் தலைக்கனம் ரொம்பவே நலம்.

"ஜன்னல் சுமார். ஆனால் மூலையில் நீங்கள் வரைந்த ஸ்டாம்ப் பிரமாதம், ஓரத்துப் பல்கூட விரலில் தட்டுகிறது. கண்காட்சிச் சுவரில் மிச்சமிருக்கும் ஓரிடம் உங்களுக்குத்தான்" என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கூடத்தில் நின்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி படித்தேன். என் மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "கலைன்னா என்னன்னு இப்பவாவது தெரிஞ்சுக்கோ" என்று அடக்கிவிட்டேன்.

நான் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது. படத்தைக் கார்டில் வரைய வேண்டும், உறை போடக் கூடாது, ஸ்டாம்ப்பும் முத்திரையும் படத்தின் மேலேயே விழ வேண்டும், அப்படித் தபாலில் அடிபட்டு வந்தால்தான் சுவரேற்றுவேன் என்பது உங்கள் சட்டம். முதல் கார்டை வாட்டர்கலரில் அனுப்பினேன், வழியில் மழை பிடித்துக்கொண்டது, என் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு "கடலா?" என்று கேட்டீர்கள். சரி, ஆயில் பெயின்ட்டுக்கு மழை பயமில்லையே என்று அடுத்ததை அதில் போட்டேன், அது காயாமல் யாருடைய கரன்ட் பில்லோடோ ஒட்டிக்கொண்டு பில்லும் கையுமாக உங்களிடம் வந்து சேர்ந்தது. மூன்றாவது, பூனை. அதன் மூஞ்சியிலேயே முத்திரை குத்தி அனுப்பினார்கள், நீங்களோ "முத்திரையில் உயிர் இருக்கிறது, பூனையில் இல்லை" என்று எழுதினீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி வேறு, "இன்னொரு கார்டு போட்டுப் பாருங்க. அதுவும் ஆகலைன்னா உங்க பெயின்ட் டப்பா எல்லாம் மாடிப்படிக்குக் கீழ, அந்த ரூமுக்கு என் தையல் மெஷின்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. தபால்காரர்களே ஏமாறும்படி ஸ்டாம்ப்பையே வரைந்துவிடுகிறேன் என்று உங்களுக்குச் சவால் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். மூடிய ஜன்னல் ஒன்றை ஒப்புக்கு வரைந்து, உயிரையெல்லாம் மூலையில் இருந்த ஸ்டாம்ப்புக்குக் கொடுத்தேன். கார்டைக் கவுன்டரில் நீட்டினேன். பதற்றத்தில் கண்ணாடியை வேறு வீட்டிலேயே விட்டுவிட்டேன், மேலே ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கவுன்டர் அம்மா 'டப்'பென்று குத்திவிட்டு, "அடுத்து யாரு?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரசாங்கத்தை ஏமாற்றக் கூடாதே என்று அங்கேயே அசல் ஸ்டாம்ப் ஒன்று வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீடு வந்தேன்.

ஆகவே ஐயா, தையல் மெஷின் நடையிலேயே இருக்கும், என் அறை எனக்கே. உங்கள் சுவரும் நீங்களும் உறுதியாக நீடூழி நிற்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டாம்ப் ஓவியர்

பி.கு: உறையில் போடும் முன் இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கார்டை மேஜை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனீங்களே, அப்பவே பார்த்தேன். வரைஞ்ச ஸ்டாம்ப்புன்னு எட்ட நின்னாலே தெரியுது. கவுன்டர்ல உங்க மானம் போயிடுமேன்னு அது மேலயே அசல் ஸ்டாம்ப்பை அளவா ஒட்டி விட்டேன். காலைல அவர் லெட்டரைப் படிச்சப்பவே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க?" என்கிறாள். இதையும் எழுதினால்தான் கடிதம் போகும் என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

ஐயா, பல் விரலில் தட்டியதன் காரணம் புரிந்திருக்கும். என்னுடையது அடியில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்க மேலே உள்ளதை உரித்தால் முத்திரை போய்விடும், முத்திரை போனால் உங்கள் சட்டப்படி சுவர் கிடையாது. தயவுசெய்து உரிக்க வேண்டாம். படத்துக்குக் கீழே பெயர் போடும்போது மட்டும், ஜன்னல் நான், ஸ்டாம்ப் என் மனைவி என்று போட்டுவிடுங்கள். தையல் மெஷின் அறைக்குள் வந்தாயிற்று. ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன்.