பதினாலு வண்டியைக் காணவில்லை

சூரியன் இன்றைக்கும் கிழக்கேதான் உதித்ததா என்று காம்பஸ் வைத்துச் சரிபார்த்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ஹைவேயில், பாலம் கட்டும் கேம்பில் அவர் எனக்கு மேலே இன்ஜினியராக இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேம்பில் சமையல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் டவுட்டு சார்தான்.

பழைய பாலத்தை இடித்துப் புதியது கட்டும்வரை வண்டிகள் எந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. எங்கே திருப்புவது, வளைவு எவ்வளவு, எத்தனை அடி முன்னால் போர்டு என்று அவர் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. சந்தேகப்பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. "போர்டு வச்சா டிரைவர் படிக்க மாட்டான். படிச்சா நம்ப மாட்டான். நம்பிட்டான்னா வேற வேலையா வந்தவன்னு அர்த்தம்" என்பார். அதனால் ஒரு திருப்பத்துக்கு மூன்று போர்டு வைப்பார். மூன்றாவது போர்டு, முதல் இரண்டும் உண்மைதான் என்று சொல்வதற்காக.

டீயை மோந்து பார்த்துத்தான் குடிப்பார். என் லேப்டாப்பில் படத்தைச் சேமித்ததும், "சேமிச்சிருச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, மூடித் திறந்து காட்டச் சொல்வார். மாற்றுப்பாதை ஓரத்தில் ஒரு பனைமரத்தில் 'இங்கு தேங்காய் கிடைக்கும்' என்று மஞ்சள் பலகை தொங்கும். அங்கே இரண்டு தடவை தேங்காய் வாங்கினார். காதருகே வைத்து அவர் ஆட்டிய ஆட்டத்தில் உள்ளே இருந்த தண்ணீர் மோராகியிருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் பரம்பரை. அபிராமம் பக்கத்து விவசாயக் குடும்பம். மழையை நம்பி நம்பி ஏமாந்த வம்சத்தில், இனி எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்துப் பிறந்தவர். மேலதிகாரிகளையே சந்தேகப்பட்டு இரண்டு கேம்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். இது மூன்றாவது. மாற்றுப்பாதை பத்து நாள் வெள்ளோட்டம் ஓட வேண்டும். பதினோராம் நாள் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் பழைய பாலத்தில் கை வைக்கலாம். சரியில்லை என்றால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். டவுட்டு சார் மறுபடி அபிராமம் போய் மழையை நம்ப வேண்டியதுதான்.

வெள்ளோட்டத்துக்கு முந்தின வாரம் மைமூன் லாத்தா கேம்புக்கு வந்தார். மாற்றுப்பாதையில் வரும் கண்மாய்க்கரை வளைவை ஒட்டிய தென்னந்தோப்புக்காரர். வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலை. ஊரே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்பதால் எனக்கும் லாத்தா. வைக்கோல் வண்டி மாதிரி உயரச் சுமை உள்ளவை அந்த வளைவில் நிலைத்து நிற்காது, தன் தோப்பு வழியாக விட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

டவுட்டு சார் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்களுக்கு இதுல என்ன லாபம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம யாரும் இம்புட்டுத் தூரம் வர மாட்டாக."

லாத்தா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும், தோப்புக்குள் ரோடு வந்தால் ஓட்டல் போடத் திட்டம் என்று சார் எனக்கு விளக்கினார்.

வெள்ளோட்டம் தொடங்கியது. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, உள்ளே நுழையும் வண்டிகளை அவர் எண்ணுவார். ஹைவேயில் போய் ஏறும் இடத்தில் நான் எண்ணுவேன். உள்ளூர் வண்டிகளைக் கழித்தாயிற்று. முதல் நாள் உள்ளே முந்நூற்றுப் பதினெட்டு, வெளியே முந்நூற்று நாலு.

"பதினாலு வண்டி எங்க?" என்றார், நான் எங்கோ ஒளித்துவைத்தது போல.

இரண்டாம் நாள் இடம் மாறி உட்கார்ந்தோம். பன்னிரண்டு குறைந்தது. நான் தூங்கியிருப்பேன் என்ற முதல் சந்தேகம் அத்தோடு போனது. நான் கூட்டுக் களவாணியாக இருக்கலாம் என்ற இரண்டாவது சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் நுழைகிற வண்டியின் வகையைக் குறித்துக்கொண்டு, எண் போட்ட சிவப்புச் சீட்டுக் கொடுத்து, வெளியேறும்போது திருப்பி வாங்கினோம். பரமக்குடியிலிருந்து வேனில் வந்த அம்மா ஒருவர் அதைக் கோயில் சீட்டு என்று கண்ணில் ஒற்றிச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டார். அவரிடமிருந்து அதை மீட்பதற்குள் எனக்குப் பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்தன. அன்றைக்கும் பதினைந்து சீட்டு வரவில்லை.

சீட்டு வராத வண்டிகளை வகை பிரித்துப் பார்த்தேன். வைக்கோல் லாரி, தேங்காய்நார் லாரி, வலையை மலையாகக் குவித்த குட்டியானை வேன். எல்லாம் உயரச் சுமை. இதைச் சொன்னபோது டவுட்டு சார் முகம் மலர்ந்தது. உடனே குரலைத் தாழ்த்தி, "வைக்கோலுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தடை செஞ்ச கடல் அட்டையா இருந்தா?" என்றார். அதற்கப்புறம் வழியில் உள்ள டீக்கடைக்காரர் கடத்தல் தலைவரானார். அவரைக் கண்காணிக்க சார் ஒரே காலையில் ஏழு டீ குடித்தார். மோந்து பார்க்க மறந்து குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எட்டாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். டிரைவருக்குத் தெரியாமல் ஒரு வைக்கோல் லாரியின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டார். வைக்கோலோடு வைக்கோலாக அவர் போக, நான் பைக்கில் பின்தொடர்ந்தேன்.

கண்மாய்க்கரை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி வேகம் குறைந்தது. பனைமரத்தில் அந்த மஞ்சள் பலகை. ஆனால் தேங்காயைக் காணோம். 'உயரச் சுமை வண்டிகள் இப்படி' என்று எழுதி, கறுப்பில் ஒரு அம்புக்குறி. எங்கள் போர்டுகளைவிட எழுத்து அழகாக இருந்தது. லாரி திரும்பி, திறந்திருந்த மூங்கில் படலைத் தாண்டித் தோப்புக்குள் போய், மறுபக்கப் படல் வழியாக ஹைவேயில் ஏறப் பார்த்தது. நாங்கள் எண்ண உட்காரும் இடத்துக்கு இருநூறு அடி தள்ளி, எங்கள் முதுகுக்குப் பின்னால்.

நான் ஹாரன் அடித்து நிறுத்த, மேலிருந்து வைக்கோலும் டவுட்டு சாரும் சேர்ந்து இறங்கினார்கள். படல் பக்கத்தில் லாத்தா நின்றிருந்தார். எங்கள் ஜீப் சத்தம் கேட்டால் பலகையைத் திருப்பிவிடுவாராம். பலகையின் பின்பக்கம்தான் அந்தத் தேங்காய். தினம் அதைப் பார்த்துக்கொண்டு போன மனிதர், தேங்காயைச் சந்தேகப்பட்டாரே தவிரப் பலகையைச் சந்தேகப்படவில்லை.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் சார். குரல் ஏறவில்லை.

"என் தம்பி அந்த முக்குலதான் நார் லாரியோட சாஞ்சான். இன்னைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கான். கரை கண்மாய்ப் பக்கமாச் சரிஞ்சு கெடக்கு. உங்க படத்துல அது தெரியாது."

"இந்தக் காரணத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன லாபம்னுதான கேட்டீக. ஏன்னு கேக்கலையே."

சார் நேராக வளைவுக்கு நடந்தார். என் பைக்கில் இருந்த மட்டப்பலகையை எடுத்துக் கரையில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். மட்டப்பலகையையே சந்தேகப்பட்டு கேம்பிலிருந்து வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் லாத்தா சொன்னதையே சொன்னது. ஜீப், பஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் ஏறி அந்த வளைவைச் சோதித்தவர். வைக்கோல் லாரியை மட்டும் விட்டிருந்தார். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர் தன் வரைபடத்தை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனார். தோப்பு வழியைப் படத்தில் சேர்க்க முறைப்படி சம்மதம் வேண்டும். இப்போது சந்தேகப்படுவது லாத்தாவின் முறை. அன்றைக்கு வேண்டாம் என்றவர் இன்றைக்கு எதற்கு வருகிறார், ரோடு என்று ஒருமுறை காகிதத்தில் ஏறிவிட்டால் தோப்பு திரும்பி வருமா என்று பிடித்துக்கொண்டார்.

டவுட்டு சாரின் கண்கள் பளிச்சிட்டன. தன் இனத்தாளைக் கண்ட சந்தோஷம்.

"நம்பாதீங்கம்மா. என்னை நம்பவே நம்பாதீங்க. எழுதி வாங்குங்க" என்றார்.

சொன்னதோடு நிற்காமல், தன்னைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தைத் தானே சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தார். பாலம் திறந்த அன்றே தோப்பு வழியை மூட வேண்டும். இன்னும் பத்து நாள் மட்டும் என்று கம்பெனி கெஞ்சினால் சம்மதிக்கக் கூடாது. மேற்படி இன்ஜினியர் டீ குடிக்க வந்து நைச்சியமாகப் பேசினால் படலைச் சாத்திக்கொள்ளலாம். லாத்தா சிரித்துவிட்டார். கடைசியாக ஒன்று தாம் சேர்க்க வேண்டும் என்றார்: வேலை முடிந்து போன பிறகும், படல் சாத்தியிருக்கிறதா என்று இன்ஜினியர் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சார் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள் பெரிய அதிகாரி வந்தார். லாரிகள் தோப்புக்குள் ஆடாமல் அசையாமல் போவதைப் பார்த்து, இந்த யோசனை யாருடையது என்று கேட்டார். மேனேஜர் தொண்டையைச் செருமுவதற்குள் டவுட்டு சார் முந்திக்கொண்டார்.

"இந்த அம்மாவோடது சார். நான் போட்டிருந்த வளைவு தப்பு."

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. அதிகாரி சாரையும் லாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்ப வண்டி கவுர்றதுக்கு முன்னாடி சொன்ன இன்ஜினியர இப்பத்தான்யா பாக்குறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்று உள்ளே முந்நூற்று இருபத்தாறு, வெளியே முந்நூற்று இருபத்தாறு. டவுட்டு சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கே. எங்கயோ இடிக்குது" என்றார்.

பாலம் திறந்த அன்றே படல் சாத்தப்பட்டது. கேம்ப் கலைந்தது. நான் ராமநாதபுரத்திலேயே வேறு வேலை பார்க்கிறேன். டவுட்டு சார் இப்போது வேறு மாவட்டத்தில் வேறு யாருடைய வண்டிகளையோ சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறார். மாதம் தவறாமல் போன் வருகிறது. "ஏப்பா, அந்தப் படல் சாத்தியிருக்கா?"

நான் போய்ப் படம் எடுத்து அனுப்புவேன். "இது போன மாசப் படமா இருக்கும், இன்னொருக்கப் போய்ப் பாரு" என்பார். போனால் லாத்தா சிரித்துக்கொண்டே டீ தருவார். உங்க சார் நல்லாருக்காரா என்பார். அதைச் சொல்லத் திரும்பக் கூப்பிட்டால் அரைமணி நேரம் பேசுகிறார். சாப்பிட்டாயா என்கிறார், பதிலை நம்பாமல் என்ன சாப்பிட்டாய் என்கிறார்.

படலைச் சுற்றி இப்போது ஆளுயரத்துக்குக் கோரை வளர்ந்துவிட்டது. வண்டி என்ன, ஆடுகூட உள்ளே போகாது. அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த மாதம் போன் வராமல் போய்விடுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.