காட்டில் ஐந்தாம் திருவிழா

“லின்ட்னர் தூண்டிலும் கொண்டு வாறார்,” என்றாள் கமலாம்பிகை.

விமலநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. மலையேறத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. தோளில் மகள் துளசி. கையில் அரிசியும் சட்டியும் போட்ட பை.

“கொண்டு வந்தால் கொண்டு வரட்டும்.”

“பிடிச்சால் எங்களுக்குத்தானே தருவார்? இண்டைக்கு நல்லூரில ஐந்தாம் திருவிழா.”

நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் தேரும் தீர்த்தமும் முடியும்வரை அவர்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் இல்லை. யேர்மனிக்கு அகதியாக வந்த பிறகும் அது மாறவில்லை. விடுதியில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே குசினி. அடுத்த அறைக்காரர் கோழி பொரித்துவிட்டுப் போனால், கமலாம்பிகை அந்த அடுப்பைக் கழுவிவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தொடுவாள்.

அந்தக் குசினியை விட்டுப் போவதற்காகத்தான் இந்த மலை. முன்னால் நடந்துகொண்டிருந்த லின்ட்னரின் வீட்டில் கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, தனிக் குசினி. அகதிகளுக்கு வீடு கொடுக்க ஆளில்லாத ஊரில் லின்ட்னர் மட்டும், “முதலில் பழகிப் பார்ப்போம். என் காட்டுக் குடிலுக்கு வந்து மூன்று நாள் இருங்கள்,” என்றிருந்தார். மாவட்ட எல்லையைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. நல்லவேளை, மலை எல்லைக்குள்ளேயே இருந்தது.

“போய்ச் சொல்லுங்கோ, நாங்கள் இப்ப சைவம் எண்டு.”

“சொல்லேலாது.”

“ஏன் ஏலாது?”

“முந்தி ஒரு வீட்டுக்காரியிட்ட மாட்டிறைச்சி தின்னமாட்டம் எண்டு சொன்னனீர். என்ன நடந்தது? சிக்கல் பிடிச்ச ஆக்கள் எண்டு கதவைச் சாத்தினவள். இந்த முறை எல்லாத்துக்கும் ஓம்.”

“எல்லாத்துக்குமோ?”

“வீட்டுக் கதவுத் திறப்பு கைக்கு வருமட்டும்.”

முன்னால் போன லின்ட்னர் நின்று கேட்டார். “மீன் பிடிக்குமா, விமல்?”

“ஓ! மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறே இறங்காது,” என்றார் விமலநாதன், தனக்குத் தெரிந்த யேர்மன் மொழியில்.

கமலாம்பிகை மகளின் சப்பாத்தைச் சரிசெய்வதுபோலக் கிட்ட வந்து கணவரின் கையைக் கிள்ளினாள்.

குடிலில் லின்ட்னரின் அத்தை ஹில்டா இருந்தார். வயதானவர். வனக்காவலரின் வண்டியில் ஏறி முன்னதாகவே வந்து, யன்னலோரம் கதிரை போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். கை குலுக்கினார். மறுபடி பின்னலில் குனிந்தார்.

பின்னேரம் ஆண்கள் இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். லின்ட்னர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிகளைக் காட்டினார்.

“இது சால்மனுக்கு.”

“இங்கே சால்மன் இருக்கிறதா?”

“இல்லை. என் அப்பா காலத்தோடு அற்றுப்போய்விட்டது.” லின்ட்னர் பூச்சியைத் தூண்டிலில் கட்டினார். “ஆனால் திரும்பி வந்தால், நான் இங்கே நிற்கவேண்டுமல்லவா?”

விமலநாதனுக்கு மனம் குளிர்ந்தது. இல்லாத மீனைப் பிடிக்கிறவரால் ஆபத்து இல்லை. லின்ட்னர் முழங்காலளவு தண்ணீரில் நின்று சாட்டை வீசுவதுபோல நூலை முன்னும் பின்னும் வீசினார். ஒன்றும் அகப்படவில்லை. விமலநாதன் கரையில் நின்று நல்லூரானுக்கு நன்றி சொன்னார்.

அப்போதுதான் லின்ட்னர் தூண்டிலை அவரிடம் நீட்டினார்.

“என்னிடம் அனுமதி அட்டை இல்லை,” என்றார் விமலநாதன் அவசரமாக.

“நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்காகப் பிடியுங்கள்.”

எல்லாவற்றுக்கும் ஓம். விமலநாதன் வாங்கினார். மீன் இருக்கவே முடியாத இடம் எது என்று பார்த்தார். எதிர்க்கரையில் ஒரு மரம் ஆற்றின்மேல் சாய்ந்து நின்றது. மரத்தைக் குறிபார்த்து வீசினார். பொய்ப்பூச்சி கிளையில் மாட்டியது. ‘சிக்கிட்டுது, இனிச் சரி’ என்று நினைத்தார்.

“மெதுவாக இழுங்கள்,” என்றார் லின்ட்னர்.

மெதுவாக இழுத்தால் நூல் அறுந்துபோகாது என்று பயந்து, விமலநாதன் பலமாக இழுத்தார். பூச்சி கிளையை விட்டு, மரவேருக்கடியில் இருந்த இருட்டுப் பள்ளத்தில் சொட்டென்று விழுந்தது. தூண்டில் வில்லாக வளைந்தது.

“விடாதீர்கள்! விடாதீர்கள்!”

விட்டுவிடத்தான் பார்த்தார். நூல் விரலில் சுற்றிக்கொண்டது. லின்ட்னர் வலையோடு பாய்ந்தார். சால்மன் அல்ல, புள்ளி போட்ட ஆற்று மீன், முழங்கையளவு நீளம். 

“வேருக்கடியில் படுத்திருக்கும் என்று எப்படித் தெரியும்? கிளையில் போட்டுத் தட்டி விழுத்துகிறீர்களே! நாற்பது வருடத்தில் நான் இதைக் கண்டதில்லை.”

“ஊர்ப் பழக்கம்,” என்றார் விமலநாதன். அவருடைய ஊர் கோண்டாவில். கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது.

மீனைக் கழற்றும்போது, வழுக்கியதுபோலக் கையை விட்டார். மீன் துள்ளி லின்ட்னரின் தொடைவரை நீண்ட சப்பாத்துக்குள் தலைகீழாகப் போனது. லின்ட்னர் சிரித்துச் சிரித்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிடித்தவருக்குத்தான் பெரிய துண்டு. அது எங்கள் வழக்கம்.”

குடிலுக்குத் திரும்பும் வழியில் விமலநாதன் வயிற்றைப் பிடித்தார். “வயிற்று வலி. இரவு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.”

லின்ட்னர் சட்டைப் பைக்குள் இருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். “செர்ரிச் சாராயம். என் வயிற்றுக்கும் இதுதான்.”

திருவிழா நாளில் மீன் ஒன்று. அதோடு சாராயமுமா? வயிற்று வலி அந்த நிமிடமே மாறியது.

கமலாம்பிகை வாசலில் நின்றாள். மீனைப் பார்த்தாள்.

“ஆர் பிடிச்சது?”

“நான்தான்.”

“கந்தா!”

“கத்தாதையும். எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு. நல்லா மிளகாய்த்தூளைப் போட்டுக் கறியாக்குவம். உறைப்பில அவையள் கண்ணைத் துடைச்சுக்கொண்டிருக்கேக்க, நான் தின்னாததை ஆர் பார்க்கப்போகினம்?”

“நான் தொடமாட்டன்.”

“நீர் தொடவேண்டாம். அங்க நிண்டு எப்பிடிச் சமைக்கிறதெண்டு சொல்லும்.”

அவள் வாசலில் முதுகைக் காட்டி நின்று சொன்னாள். அவர் சமைத்தார். வெங்காயம், தூள், புளி. அடுப்புப் புகை போகிற குழாய் ஒடுக்கமானது. கொஞ்ச நேரத்தில் குடில் முழுவதும் மீன் மணம். அத்தை ஹில்டா எழுந்து ஒரு யன்னலைத் திறந்தார். பிறகு மற்ற யன்னலையும் திறந்தார்.

மேசையில் யோசனை பிழைத்தது. லின்ட்னர் கண்ணீர் வடித்தார்; ஆனால் நிறுத்தாமல் சாப்பிட்டார். “அற்புதம்! அற்புதம்!” அத்தை வெண்ணெய் பூசிய பாணோடு நிறுத்திக்கொண்டார்; அவருடைய கண் விமலநாதனின் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு அசையவில்லை. கமலாம்பிகை தனக்கும் மகளுக்கும் அவித்த உருளைக்கிழங்கு எடுத்துவைத்திருந்தாள்.

“குழந்தைக்கு மீன் கொடுக்கவில்லையே?” என்றார் லின்ட்னர்.

துளசி பாலர் பாடசாலையில் பழகிய சுத்தமான யேர்மனில் சொன்னாள். “நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை.”

அத்தை ஹில்டா முதன்முறையாகச் சிரித்தார்.

“அப்படியா?”

அந்தச் சிரிப்பில் இரண்டு அறையும் தனிக் குசினியும் கைவிட்டுப் போவதை விமலநாதன் கண்டார்.

“விளையாடுகிறாள்!” என்றார். கோப்பையை முன்னால் இழுத்தார். நல்லூர் இருக்கும் திசை எது என்று தெரியவில்லை. பொதுவாக மேலே பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு பெரிய துண்டை வாயில் போட்டார்.

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

“எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் மீன்தான்,” என்றார் வாய் நிறைய. “பொரிப்போம். குழம்பு வைப்போம். கருவாடும் உண்டு. இன்னும் கொஞ்சம் போடுங்கள்.”

லின்ட்னர் சந்தோஷமாகப் போட்டார். அத்தை ஹில்டா பாணை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். குளிருக்கு அவருடைய சால்வையை எடுத்துக்கொண்டு கமலாம்பிகையும் பின்னால் போனாள். தேவாலயத்தில் நடக்கும் மொழி வகுப்புக்குப் போகிறவள்; அவளுடைய யேர்மன் கணவரைவிடத் திறம்.

விமலநாதன் இரண்டாம் துண்டையும் முடித்தார். லின்ட்னர் அவருடைய முதுகில் தட்டினார். இனி வீடு கிடைத்த மாதிரித்தான். வெளியே அத்தை நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கமலாம்பிகை உள்ளே வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

“என்னவாம்?”

“வீடு அத்தையின்ரயாம். மேல்மாடியில இருக்கிறா. மீன் மணம் தாங்கேலாமல்தான் முந்தி இருந்த சனத்தை வீட்டை விட்டு எழுப்பினவவாம். இந்த மனுசனே இஞ்ச காட்டுக்கு வந்துதானாம் மீன் தின்னுறது. பிள்ளை சொன்னதைக் கேட்டு, அடுத்த கிழமையே வந்து இருங்கோ எண்டு சொல்ல வாயெடுத்தவவாம். அதுக்குள்ள நீங்கள் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிப்போட்டியளாம்.”