பின்மூடியைத் திறக்குமுன்

கேமராவின் பின்மூடியைத் திறந்த பிறகுதான் உள்ளே பிலிம் இருப்பதை நிபுணர் பார்த்தார்.

பட்டென்று மூடினார். ஒருவேளை கண்தான் ஏமாற்றியதோ என்று மறுபடியும் திறந்தார். ஜன்னல் வெயில் நேராக விழ, பிலிம் பளபளவென்று இருந்தது. மறுபடியும் மூடினார்.

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு வேலை, சேதமான பொருள்களுக்கு மதிப்புப் போடுவது. ஆனால் 'நிபுணர்' என்ற பட்டம் பழைய பிலிம் கேமராக்களால் வந்தது. யார் வீட்டுப் பரணில் எது கிடைத்தாலும் அவர் மேசைக்கு வந்துவிடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை தேடுவார். ஷட்டரைக் காதருகே வைத்துத் தட்டிவிட்டு, "ஒரு செகண்டுக்கு ஒன்றரை செகண்ட் எடுக்குது, உள்ள எண்ணெய் காஞ்சுபோச்சு" என்பார்.

"திறக்கறதுக்கு முன்னாடி பிலிம் சுத்துற பிடியைத் திருப்பிப் பாக்கணும். இறுக்கமா இருந்தா உள்ள பிலிம் இருக்குன்னு அர்த்தம். அப்ப திறந்தா வெளிச்சம் பட்டுப் படமெல்லாம் அழிஞ்சுடும்" என்று அலுவலகம் முழுக்கப் பாடம் எடுத்தவரும் அவர்தான். அவர் மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. கேமரா கைக்கு வந்தால் மூடியைத் திறக்காமல் அவரால் இருக்க முடியாது.

இன்று வந்தது மேலாளரின் கேமரா. "விக்கலாம்னு பாக்கறேன், என்ன பெறும்னு சொல்லுங்க" என்று நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன மேலாளர், திரும்பி வரும்போதே நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உள்ள ஒரு பிலிம் இருக்கு. கல்யாணமான புதுசுல நானும் வீட்டுக்காரியும் ஊர் சுத்தினப்ப எடுத்தது. கழுவலாம் கழுவலாம்னு இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப அவ ஒத்தைக்கால்ல நிக்கறா. நீங்க திறக்கலையே?"

"சேச்சே!" என்றார் நிபுணர்.

"அதானே. உங்களுக்குத் தெரியாததா?"

அடுத்த வாரம் பிரிவுத் தலைவர் பதவிக்கு ஒரு பெயர் மேலிடத்துக்குப் போக வேண்டும். பதினோரு வருடமாக நிபுணர் கண் வைத்திருக்கும் நாற்காலி அது. பெயரை எழுதப்போகும் பேனா மேலாளரின் சட்டைப்பையில் இருந்தது. நிபுணர் அதையே பார்த்தபடி, பழியைத் தூக்கிக் கேமராவின் தலையில் போட்டார்.

"இதுல ஒரு சிக்கல் சார். வெளிச்சம் புகாம இருக்க மூடி ஓரத்துல கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பாங்க. வயசானா அது உளுத்துப்போயிடும். இதுலயும் போயிடுச்சு. பிலிம் தேறாது."

"அப்படியா? அதை நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க" என்று மேலாளர் போனைப் போட்டு அவர் கையில் திணித்துவிட்டார்.

மேலாளரின் மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது எங்கப்பா வாங்கிக் குடுத்த கேமரா. அவர் வாங்கின எதுவும் உளுக்காது. அது போகட்டும், மூடியைத் திறக்காமலே உள்ள இருக்கற பஞ்சு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"வந்து... அனுபவம், மேடம்."

"ஊர்ல இருக்கறது ஒரே ஒரு கேமரா ரிப்பேர் கடை. சாயங்காலம் கேமராவை அங்க எடுத்துட்டு வாங்க, நானும் வரேன். அங்க தெரிஞ்சுடும்."

நிபுணர் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கேமராவோடு ஓடினார். கேமரா ரிப்பேர்க்காரர் பத்து வருடப் பழக்கம். தனக்கு எப்படியும் கை கொடுப்பார் என்று நம்பினார்.

"பஞ்சு உளுத்துப்போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்று நடந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சினார்.

ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து பிலிமைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். "லேசா பிசுபிசுப்பு இருக்கு, ஆனா வெளிச்சம் புகாது. ஷட்டர் சுத்தமா ஓடுது. இந்த மாடல் கல்லு மாதிரி சார், இன்னும் முப்பது வருஷம் உழைக்கும். இல்லாத குறையை நான் சொன்னா நாளைக்கு யாரு என்னை நம்பிக் கேமரா குடுப்பாங்க? நடந்ததைச் சொல்லிடுங்க. அதான் எல்லாருக்கும் நல்லது."

சொல்லிவிட்டு அவர் வாடிக்கையாளர் ஒருவரைக் கவனிக்கப் போனார். மேசையில் பல்குத்தும் குச்சி ஒன்று கிடந்தது. குறை இல்லையென்றால் உண்டாக்கிவிட வேண்டியதுதானே! நிபுணர் குச்சியால் பஞ்சை நோண்டினார். அது தார் மாதிரி இழுபட்டு, ஷட்டரின் துணித்திரையில் போய் அப்பிக்கொண்டது. பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தார். 'திரையில விரலே படக்கூடாது' என்பதும் அவர் எடுத்த பாடம்தான். கட்டைவிரல் திரையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

அந்தக் கோலத்தில் அவர் நிற்கும்போதுதான் மேலாளரும் மனைவியும் உள்ளே வந்தார்கள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான்தான் மேடம் திறந்தேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பயத்துல பொய் சொல்லிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விரல் இன்னும் கேமராவுக்குள்ளேயே இருந்தது.

"கழுவிப் பாத்தா ஒண்ணு ரெண்டாவது கிடைக்காதா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ஒண்ணும் தேறாதும்மா" என்றார் ரிப்பேர்க்காரர், பிலிம் பக்கம் திரும்பாமலே.

அந்த அம்மாளின் கண் கலங்கியது. பதவி போய்விடும் என்பதைவிட அதுதான் நிபுணரை அதிகம் வதைத்தது.

"விடும்மா, வேணும்னா செஞ்சார்? ஆர்வக்கோளாறு" என்று மேலாளர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க! இருபத்திரண்டு வருஷம் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினீங்க. இவரையா பிரிவுத் தலைவர் ஆக்கறதா இருந்தீங்க?" என்று மனைவி கணவரிடம் கேட்டார்.

"இனிமே யோசிக்கணும்" என்ற மேலாளர், மனைவியைத் தோளோடு அணைத்து வெளியே அழைத்துப் போனார்.

நிபுணர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ரிப்பேர்க்காரர் மெதுவாக அவர் விரலைக் கேமராவிலிருந்து விடுவித்து, தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க சார்; போன வாரம் இதே மூடியை உங்க மேனேஜர் திறந்துட்டு, வீட்டுல என்ன சொல்றதுன்னு இங்க வந்து அழுதப்ப, 'கேமராவைக் குடுத்தா முதல்ல மூடியைத் திறக்கற ஆள் உங்க ஆபீஸ்லயே இருக்காரே'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."