கண்ணாடி வயிற்றுக்குப் பிடித்த டப்பா

கொட்டிய பிறகுதான் கேசவுக்குத் தெரிந்தது, அது கழுவப்போட்ட ஜாடி இல்லை, வயிறு என்று.

ஹெப்பகோடியில் கேசவ் வேலை பார்க்கும் நிறுவனம் நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக்கி விற்கிறது. பாலைச் செரிக்க வைக்கும் என்சைம் அதனிடம் உண்டு. மனித வயிற்றில் அது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, அமிலமும் பித்தநீரும் ஊற்றிய கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்திருந்தார்கள். கொள்முதல் பிரிவு கேசவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மனைவி நிருபமா கட்டிக்கொடுத்த டப்பாவைக் காலி செய்ய ஓர் இடம் தேடினான், அவ்வளவுதான்.

புது மனைவி. வீட்டில் சமையலறை அம்மாவின் ராஜ்ஜியம். நிருபமாவின் கைப்பாகம் மதிய டப்பாவில் மட்டும்தான். உப்பில்லை, காரமில்லை, குழைந்த தினைக் கஞ்சி. அம்மா எழுவதற்குள் எழுந்து சமைத்து, மூடியைத் துடைத்துக் கொடுக்கிறவளிடம் "நன்னா இல்லை" என்று எந்த வாயால் சொல்வது?

குப்பைத் தொட்டியிலும் போட முடியாது. பக்கத்து நாற்காலி குளோரியாவுடையது. நிருபமாவின் பள்ளித் தோழி; அவளுக்கும் நிருபமாதான் டப்பா கட்டுகிறாள். கேசவின் பையிலிருந்து தன்னுடையதைத் தானே எடுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்பாள்.

"எப்படிம்மா அதைச் சாப்பிடறே?"

"சக்கத்தா, அட்டகாசமா இருக்கு அண்ணா! நீங்க குடுத்து வச்சவரு."

நட்பென்றால் இதுவல்லவா என்று கேசவ் நெகிழ்ந்தான்.

மறுநாள் விஞ்ஞானி ரங்கநாதன் ஓடிவந்தார். "ஜாடியில கொட்டினது நீங்கதானே? கேமராவுல பார்த்தேன்."

"மன்னிச்சுடுங்க சார்..."

"மன்னிப்பா? தினம் அமிலத்துல சுருண்டு படுத்துடற என்சைம் நேத்து எழுந்து ஆடியிருக்கு! உங்க கஞ்சி பாக்டீரியாவுக்குக் குடை பிடிச்சிருக்கு. இன்னும் நிறைய கொண்டாங்க."

சாயங்காலம் கேசவ் மனைவியிடம், "டப்பா அமிர்தம் நிரு. இன்னும் கொஞ்சம் கூட வையேன்" என்றான்.

அவளுக்குக் கண் பனித்துவிட்டது. "நெஜமாவா?"

மறுநாள் ஒரு டப்பா பெரிதாகியிருந்தது. அதைக் குளோரியா எடுத்துக்கொண்டாள். கேசவுக்கு அதே சின்ன டப்பா. "அமிர்தமெல்லாம் என்ன, அதுக்கும் மேல" என்று மறுபடி புகழ்ந்தான். குளோரியாவுக்கு அடுக்குக் கேரியர் வந்தது.

ரங்கநாதன் பொறுமை இழந்தார். "உங்க வைஃப் நம்பரைக் குடுங்க. 'மேடம், உங்க வீட்டுக்காரர் தினம் ஜாடியில கொட்டறாரே, அந்தக் கஞ்சி வேணும்'னு நானே கேட்டுக்கறேன்."

கேசவ் குளோரியாவிடம் ஓடினான்.

"அம்மா தாயே, உன் கேரியரைக் குடு. ஜாடிக்கு ஊத்தணும். இல்லேன்னா சார் நிருவுக்குப் போன் பண்ணிடுவார். அவ கட்டினதை நான் ஒருநாள்கூட சாப்பிடலைன்னு தெரிஞ்சா அவ உடைஞ்சே போயிடுவா."

குளோரியா கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள். விரல்களில் நல்லெண்ணெய் மினுங்கியது.

"இதை ஊத்தினா ஜாடிக்கே அல்சர் வந்துடும் அண்ணா. இது புளியோதரை, உங்களுக்குன்னு அவ கட்டினது. டாக்டர் சொன்ன பத்தியக் கஞ்சிதான் என்னோடது."